தனுஷ்கோடியில் நின்றவருக்கு இலங்கைக் கட்டணம்

கேள்வி: ஐயா, பெரம்பூரில் வசிக்கிறேன். ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வயது 67. என் போஸ்ட்பெய்டு போனுக்கு மாதா மாதம் 471 ரூபாய்தான் பில் வரும். இந்த மாதம் 5,787 ரூபாய் 90 காசு வந்திருக்கிறது. 'இன்டர்நேஷனல் ரோமிங்' என்று 4,407 ரூபாய், 'கேம்ஸ்' என்று 99 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கஸ்டமர் கேரில் கேட்டால், "ஸ்ரீலங்கால யூஸ் பண்ணியிருக்கீங்க சார்" என்கிறார்கள். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடியும் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். கடல் தாண்டியது என்றால் இரண்டு வருஷம் முன்பு மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனது ஒன்றுதான். ஷோரூமில், "முதல்ல கட்டிடுங்க, ரீஃபண்ட் அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். மகன், "ஒரு பைசா கட்டாதீங்கப்பா, வேற கம்பெனிக்கு மாறிடலாம்" என்கிறான். ஆட்டோபேயில் 20-ந்தேதி பணத்தை எடுத்துவிடுவார்கள். என்ன செய்யட்டும்? இனிமேல் ராமேஸ்வரத்துக்கு போனே கொண்டுவரக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டார்.

பதில்: அன்புள்ள ஐயா, ஷோரூம் பையன் சொன்னதையும் கேட்காதீர்கள், மகன் சொன்னதையும் கேட்காதீர்கள். முழுசாகக் கட்டிவிட்டால் உங்கள் பணத்தை நீங்களே துரத்திக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் 'பாக்கிக்காரர்' என்ற பெயர் உங்கள் மேல் விழும். அதற்குப் பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் குரல் தாழ்ந்துதான் போகும். நடுவில் ஒரு வழி இருக்கிறது.

செல்பேசி நிறுவனம் ஒன்றின் பில்லிங் பிரிவில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். இப்போது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு மனு எழுத உதவுகிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டது இது: 'பில் தப்பு' என்று வருகிற புகாரை உள்ளே இருப்பவர்கள் ஒரு நிமிஷத்தில் மூடிவிடுவார்கள். 'பில்லில் இந்த வரி தப்பு, இந்தக் காரணத்தால் தப்பு' என்று வருகிற புகாரை அப்படி மூட முடியாது. யாராவது ஒருத்தர் ரெக்கார்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். உங்கள் பில்லில் தகராறுக்குரிய வரிகள் இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதனால் ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துச் சண்டை போடாதீர்கள்.

முதலில் ஆட்டோபே, ஏனென்றால் தேதி நெருங்குகிறது. உங்கள் யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே இந்த நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதியை நிறுத்தி வையுங்கள். கார்டு வழியாகக் கொடுத்திருந்தால் வங்கியின் செயலியிலேயே அது இருக்கும். 15,000 ரூபாய் வரைக்கும் இந்த மாதிரி மாதாந்திரப் பிடித்தத்துக்கு ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் ஒரு செய்தி மட்டும் வரும். 5,787 ரூபாய் அந்த வரம்புக்குள்ளேயே இருப்பதால் சத்தமில்லாமல் போய்விடும். செய்தி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இன்றைக்கே செய்யுங்கள்.

நிறுத்திய கையோடு 470 ரூபாய் 82 காசைக் கட்டிவிடுங்கள். 399 ரூபாய் வாடகை, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., இதில் உங்களுக்கு எந்தத் தகராறும் இல்லை. மீதி 5,317 ரூபாய் 8 காசுதான் வழக்கு. கட்டணம் செலுத்தும் பக்கத்தில் தொகையை மாற்றிப் போட இடம் இருந்தால் அப்படியே போடுங்கள். இல்லாவிட்டால் ஷோரூமில் நேரில் கட்டி ரசீது வாங்குங்கள். தகராறு இல்லாத பணத்தைத் தவணைக்குள் கட்டிவிட்டவரை 'பில் கட்டாதவர்' என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு ரசீது பின்னால் எத்தனை இடத்தில் கை கொடுக்கும் என்று பாருங்கள்.

இனி ரோமிங். 'நான் இலங்கைக்கே போகவில்லை' என்பது உண்மை. 'உங்கள் போன் இலங்கை நெட்வொர்க்கில் இருந்தது' என்று அவர்கள் சொல்வதும் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நடுவில் கடலைத் தவிர மறைக்க ஒன்றும் கிடையாது. தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைப் பக்கம் நம்முடைய சிக்னல் மெலியும்போது போன் சும்மா இருக்காது, வேறு கோபுரம் கிடைக்கிறதா என்று தேடும். அக்கரையில் ஒன்று பளிச்சென்று கிடைத்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். 'இலங்கைக்கு நல்வரவு' என்று அங்கே போன எத்தனையோ பேருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கினால் போனில் மணியாவது மாறும், ஊர் மாறிவிட்டது என்று தெரியும். இலங்கைக்கும் நமக்கும் நேரம் ஒன்றே, அதனால் அந்த அடையாளமும் கிடைக்காது.

அப்படியானால் அன்றைக்கு அங்கே நின்ற எல்லோருக்கும் இந்த பில் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? காரணம் உங்கள் சிங்கப்பூர் பயணம். அப்போது சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், ஒரு பேக்கும் வாங்கியிருப்பீர்கள். பேக் பத்து நாளில் முடிந்துவிடும். ஆனால் ரோமிங் சேவை என்கிற கதவை யாரும் போய்ச் சாத்த மாட்டார்கள், அது திறந்தே கிடக்கும். போனுக்குள் 'டேட்டா ரோமிங்' பொத்தானும் அன்றிலிருந்து இயங்கியபடியே இருந்திருக்கும். கதவு சாத்தியிருப்பவர்களின் போன் இலங்கைக் கோபுரத்தைத் தட்டினாலும் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் போனைச் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் கடலைப் பார்த்து நின்ற நேரத்தில் பையில் இருந்த போன், காலையில் எடுத்த படங்களை எல்லாம் மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கலாம். பேக் இல்லாத ரோமிங்கில் டேட்டாவுக்கு எம்.பி. கணக்கில் காசு. இதற்கு யூடியூப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "தரிசனம் நல்லபடியா ஆச்சா" என்று யாராவது கூப்பிட்டிருந்தால், ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு.

இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புகாரில் 'நான் பயன்படுத்தவே இல்லை' என்று எழுதினீர்கள் என்றால், அவர்கள் இலங்கை நிறுவனத்திலிருந்து வந்த கணக்கை எடுத்துப் போட்டு 'பயன்பாடு உறுதி செய்யப்பட்டது' என்று புகாரை முடித்துவிடுவார்கள். வெளிநாட்டு நிறுவனம் இங்கே அனுப்பும் அந்தக் கணக்குக் கோப்புக்கு எங்கள் மொழியில் 'டேப் ஃபைல்' என்று பெயர். அது சில சமயம் தாமதமாக வரும், அதனால்தான் ரோமிங் செலவு அடுத்த பில்லில் தலைகாட்டுவதும் உண்டு. உங்களுக்கும் அடுத்த மாதம் ஒரு துண்டு வரலாம், அப்போது பதறாதீர்கள்.

நீங்கள் எழுத வேண்டியது வேறு. 'நான் இந்திய மண்ணில்தான் இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகாத எனக்கு வெளிநாட்டுக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். செலவு ஏறியபோது எச்சரிக்கவில்லை.' இந்த மூன்று வாக்கியத்துக்கும் ஆதாரம் இருந்தால் போதும். ரயில் டிக்கெட், லாட்ஜ் ரசீது, கோயிலில் தீர்த்தமாடிய சீட்டு, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவற்றையெல்லாம் விட வலுவான சாட்சி உங்கள் யு.பி.ஐ. பதிவு. தனுஷ்கோடியில் மீன் வறுவலோ இளநீரோ வாங்கிப் பணம் போட்டிருந்தால் அதில் நிமிஷ சுத்தமாக நேரம் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தத் தேதிக்குக் குடியேற்ற முத்திரை இல்லை என்பதும் ஆதாரம்தான்.

உங்கள் பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விவரப் பட்டியல் கேளுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வெளிநாட்டு நெட்வொர்க், எத்தனை எம்.பி. அது வந்ததும் பக்கத்தில் உங்கள் யு.பி.ஐ. பட்டியலை வைத்து நேரத்தை ஒத்துப் பாருங்கள். காலை 11:20-க்கு இலங்கையில் டேட்டா, 11:34-க்கு ராமேஸ்வரத்தில் டீ என்று இரண்டு காகிதமும் அருகருகே கிடந்தால் அதற்கு மேல் வாதம் வேண்டாம்.

போனில் உள்ள பழைய குறுஞ்செய்திகளையும் தேடுங்கள். 'நல்வரவு' செய்தி வந்திருந்தால் அதை அழிக்காதீர்கள். அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'எச்சரித்தோம், பாருங்கள்' என்று நிறுவனம் அதைக் காட்டும். அதே செய்தி, நீங்கள் தனுஷ்கோடியில் இருந்த நேரத்தில் போன் தானாக ஒட்டிக்கொண்டது என்பதற்கு உங்களுக்கும் சாட்சி. நல்வரவு சொல்வது வேறு, செலவு ஏறுகிறது என்று எச்சரிப்பது வேறு. சர்வதேச ரோமிங்கில் வாடிக்கையாளர் கேட்காமல் சேவையை இயக்கக் கூடாது, செலவு கூடக் கூட எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் நிலை. போஸ்ட்பெய்டில் கடன் வரம்பு என்று ஒன்று இருப்பதும், அதில் 80 சதவீதம் தொட்டதும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் 2005-லிருந்தே உள்ள ஏற்பாடு. மாதம் 471 ரூபாய் கட்டுகிறவரின் கணக்கு ஒரே காலையில் 4,000 ரூபாயைத் தாண்டியபோது ஏன் யாரும் தடுக்கவில்லை, கடன் வரம்பு எவ்வளவு, எச்சரிக்கை எத்தனை மணிக்குப் போனது என்று கேளுங்கள். உள்ளே இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் அவர்கள் இறங்கி வருவார்கள்.

நியாயமாகப் பேசினால் தப்பு ஒரே பக்கம் இல்லை. ரோமிங்கை அணைக்காமல் விட்டது உங்கள் பக்கத்து ஓட்டை. ஆனால் 67 வயது ரயில்வே ஓய்வூதியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, எச்சரிக்கை அனுப்பாத நிறுவனத்துக்குக் கிடையாது என்பது என் கருத்து. எல்லையோரக் கோபுரம் பற்றிய விஷயம் அவர்களுக்குப் புதிதும் அல்ல.

99 ரூபாய் 'கேம்ஸ்' வரிக்கு வருகிறேன். சின்னத் தொகைதான், ஆனால் சட்டப்படி இதுதான் உங்கள் கையில் இருக்கும் கெட்டியான வரி. கேம்ஸ், ஜோக்ஸ், ஜாதகம் போன்றவை மதிப்புக்கூட்டுச் சேவை வகையில் சேரும். வாடிக்கையாளரிடம் இரண்டு முறை உறுதி வாங்காமல் இவற்றை இயக்கவே கூடாது என்று 2013 ஜூலையில் டிராய் உத்தரவு போட்டது. பேரப் பிள்ளை உங்கள் போனில் ஏதோ வீடியோ பார்க்கும்போது நடுவில் வந்த ஒரு படத்தைத் தொட்டிருப்பான். வைஃபை இல்லாமல் செல்பேசி டேட்டாவில் இருக்கும்போது உங்கள் எண் அந்த கேம்ஸ் சேவைக்காரர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும், அதனால் ஒரு தொடுதலில் சந்தா ஆரம்பித்துவிடும். அதை நிறுத்துவதற்கென்றே எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதற்கு 'ஸ்டாப்' என்று செய்தி அனுப்பலாம், கூப்பிட்டும் சொல்லலாம். இயங்கிய 24 மணி நேரத்துக்குள் 'நான் கேட்கவில்லை' என்று சொல்லிவிட்டால் பிடித்த பணத்தையும் திருப்ப வேண்டும். உங்களுக்கு அந்த 24 மணி நேரம் போய்விட்டது. பரவாயில்லை, 'இரட்டை உறுதி வாங்கியதற்கான பதிவைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால் பணம் திரும்ப வர வேண்டும். இதில் பேரம் பேசாதீர்கள். இன்றைக்கே நிறுத்தவும் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாதா மாதம் 99 ரூபாய் வந்துகொண்டிருக்கும்.

புகார் எப்படிக் கொடுப்பது? 198-ஐக் கூப்பிடுங்கள், அது புகாருக்கான எண், கட்டணம் இல்லை. 121 தகவல் எண். அங்கே பேசினால் பெரும்பாலும் விசாரணையாகத்தான் பதிவாகும், புகாராக ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் "நாலு தடவை பேசினேன் சார்" என்பவர்களுக்கு ரெக்கார்டில் ஒரு புகார்கூட இருக்காது. பேசி முடிக்கும்போது "டாக்கெட் நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். புகாரின் பதிவு எண் அதுதான், அது இல்லாமல் போனை வைக்காதீர்கள். ரோமிங்குக்கு ஒரு டாக்கெட், கேம்ஸுக்கு ஒரு டாக்கெட், இரண்டும் தனித்தனி.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பாட்டி கூப்பிடுவார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பார் போல. "போன மாசம் 14-ந்தேதி சாயங்காலம் நாலே காலுக்குப் பேசினேன், பேசின பொண்ணு பேர் இது, டாக்கெட் இது, மூணு நாள்ல சொல்றேன்னா, சொல்லலை" என்று நிதானமாக வாசிப்பார். கத்துகிறவர்களை எங்களால் காத்திருக்க வைக்க முடிந்தது. அந்தப் பாட்டியின் கால் வந்தால் சூப்பர்வைசர் எழுந்து வருவார். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசியதோடு நிற்காமல், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் புகார் மின்னஞ்சலுக்கு எழுத்திலும் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி:

"என் எண்ணுக்கு வந்த இந்த மாத பில்லில் 399 ரூபாய் வாடகையையும் அதற்கான வரியையும் ஒப்புக்கொண்டு 470 ரூபாய் 82 காசு கட்டிவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். சர்வதேச ரோமிங் 4,407 ரூபாயையும் அதற்கான வரியையும் மறுக்கிறேன். அந்தத் தேதியில் நான் ராமேஸ்வரத்தில் இருந்தேன், ஆதாரங்கள் இணைப்பில். ரோமிங் சேவை எந்தத் தேதியில், யார் கேட்டு இயக்கப்பட்டது, என் கடன் வரம்பு எவ்வளவு, செலவு எச்சரிக்கை எப்போது அனுப்பப்பட்டது, நேரவாரியான பயன்பாட்டு விவரம் ஆகியவற்றைத் தரவும். புகார் முடியும்வரை மறுத்துள்ள தொகைக்குத் தாமதக் கட்டணம் போடாமலும் இணைப்பைத் துண்டிக்காமலும் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன். டாக்கெட் எண் இது."

கேம்ஸுக்கு இதே பாணியில் நாலு வரி போதும். 'மன உளைச்சல்', 'மோசடி', 'கோர்ட்டுக்கு இழுப்பேன்' எல்லாம் முதல் கடிதத்தில் வேண்டாம். அந்த வார்த்தைகளைப் பார்த்தால் கடிதம் பில்லிங் மேசையை விட்டுச் சட்டப் பிரிவு மேசைக்குப் போய்விடும், அங்கே எல்லாம் மெதுவாகத்தான் நகரும்.

பில் புகாரை முடிக்க நிறுவனத்துக்கு ஒரு கெடு உண்டு. அதற்கு முன்பே ஒருநாள் இனிமையான குரலில் ஒருவர் கூப்பிடுவார். "சார், குட்வில்லா பாதித் தொகையை வேவ் பண்றோம், ஓகேவா? புகாரை க்ளோஸ் பண்ணிக்கலாமா?" உடனே தலையாட்டிவிடாதீர்கள். "எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வாயால் சரி என்று சொன்ன நிமிஷமே உங்கள் புகார் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று மூடப்பட்டுவிடும். என் கணக்கில், முதல் பேச்சில் பாதி தர முன்வருகிறவர்கள் அடுத்த படியில் முக்கால்வாசிக்கு மேல் தருவார்கள். முழுசும் வேண்டுமா, முக்கால் போதுமா என்பதை உங்கள் உடம்பும் பொறுமையும் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டால் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து குறைகிறதா என்று பாருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். தீர்வு சொன்ன ஒரு வாரத்துக்குள் பில்லில் வரவு வைக்க வேண்டும்.

பதில் திருப்தி இல்லையென்றாலோ, கெடு முடிந்தும் பதிலே வராவிட்டாலோ, 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 2012-ல் வந்த டிராய் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை வைத்தாக வேண்டும். கட்டணம் கிடையாது, டாக்கெட் எண் இருந்தால் போதும். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த அதிகாரியும் அதே நிறுவனத்து ஆள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து மாதிரிதான். ஆனாலும் அவருக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்த ஒருவரும் இருப்பார். கால் சென்டரில் ஸ்கிரிப்டை வாசிக்கும் பிள்ளைகளுக்கு இல்லாத அதிகாரம் இந்த மேசையில் இருக்கிறது. நான் பார்த்த ரோமிங் புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்தன.

டிராய்க்கே நேராக எழுதலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தனிப்பட்டவர்களின் புகாரை டிராய் விசாரிப்பதில்லை, நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மேல்முறையீட்டிலும் அசையவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மத்திய அரசின் குறைதீர் இணையதளம் வழியாக எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

நுகர்வோர் ஆணையம் கடைசிப் படி. அங்கே போனால் 'டெலிபோன் பில் வழக்கை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று எதிர்த் தரப்பு வக்கீல் சொல்லக்கூடும். 2009-ல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவின்படி மத்தியஸ்தத்துக்குத்தான் போக வேண்டும் என்றார்கள், அதைக் காட்டியே பல வருஷம் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் வழியைத் திறந்துவிட்டது. அந்த வழக்கின் கதையும் உங்கள் கதை மாதிரிதான்: மாதம் சராசரியாக 555 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த ஆமதாபாத்காரர் ஒருவருக்கு 2013-ல் ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் பில் வந்தது. நுகர்வோர் மன்றத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்ற ஒரு கேள்வியிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் அலைந்த அலைச்சலில் இப்போது உங்களுக்கும் எனக்கும் பாதை கிடைத்திருக்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ தில்லியிலோ இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், மகனைக் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது பக்க நோட்டு, இரண்டு டாக்கெட் எண், மேல்முறையீட்டுக் கடிதம், 471 ரூபாய் ரசீது இவைதான் அங்கே உங்கள் ஆவணங்கள். ஆனால் 5,317 ரூபாய்க்காக அங்கே போக வேண்டிய நிலை வராது என்றே நினைக்கிறேன்.

மகன் சொன்ன 'மாறிடலாம்' பற்றி. போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பாக்கி இருந்தால் எண்ணை மாற்றும் கோரிக்கையை நிராகரிக்க முடியும். 1900-க்கு செய்தி அனுப்பினாலும், பாக்கி இருக்கும்வரை மாறுவதற்கான குறியீடு கிடைக்காது. தகராறு தீர்ந்த பிறகு தாராளமாக மாறுங்கள். சிம்மைக் கழற்றி வீசிவிட்டால் விஷயம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். செல்பேசி நிறுவனங்களும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு விவரம் கொடுக்கின்றன. நாளைக்கு மகனோடு சேர்ந்து வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது அது எட்டிப் பார்க்கும்.

இடையில் லோக் அதாலத் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் பயப்படாதீர்கள். பாக்கி வசூலுக்காக நிறுவனங்கள் வழக்குக்கு முன்பே இப்படி அனுப்பவைப்பது வழக்கம். அது சமரசத்துக்கான அழைப்பு, தீர்ப்பு அல்ல. போய் உங்கள் தரப்பைச் சொல்லலாம், டாக்கெட்டையும் ரசீதையும் காட்டலாம். மனசுக்கு ஒப்பாத தொகைக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வசூல் ஏஜென்ட் என்று யாராவது போனில் மிரட்டினால், டாக்கெட் எண்ணைச் சொல்லி 'எழுத்தில் அனுப்பு' என்று வைத்துவிடுங்கள். லிங்க் அனுப்பி அதில் கட்டச் சொன்னால் தொடவே தொடாதீர்கள். பில் தகராறில் இருப்பவர்களைக் குறிவைத்து ஏமாற்றுகிற கூட்டமும் இருக்கிறது. அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவி சொன்னது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம், அவ்வளவு கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேட அது வேண்டும். இன்றைக்கே நிறுவனத்தின் செயலியில் சர்வதேச ரோமிங்கை நிறுத்துங்கள், போனின் அமைப்புகளில் 'டேட்டா ரோமிங்'கை அணையுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும், ஒன்று மட்டும் போதாது. நெட்வொர்க் தேர்வை 'தானாக' என்பதிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே நிறுத்தி வைத்தால் அக்கரைக் கோபுரம் கூப்பிட்டாலும் போகாது. ராமேஸ்வரம் திரும்பியதும் மறக்காமல் அதைத் 'தானாக' என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வழியில் சிக்னல் விட்டுப் போகும்போது தொல்லை. இதெல்லாம் சிரமம் என்றால் தனுஷ்கோடி வண்டியில் ஏறும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கேமரா அப்போதும் வேலை செய்யும், வீட்டம்மாவைக் கடலோரம் நிறுத்தி எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம்.